புழுதி படிந்த தூதுவர்கள்

1949-ஆம் ஆண்டின் வசந்தகாலம். ஜெர்மனியின் மியூனிக் நகரில் போர் ஓய்ந்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆயினும் இடிபாடுகள் முழுமையாக அகற்றப்படவில்லை. விமானக் குண்டுவீச்சில் பழைய நகரின் பெரும்பகுதி கல்லும் செங்கல் தூளுமாய்ச் சரிந்து கிடந்தது. கூரையற்ற சுவர்கள், கதவற்ற வாயில்கள், வீடு விழுந்தபின் தனித்து நின்ற புகைபோக்கிகள் என அந்நகரம் காட்சியளித்தது. ஒரு நாள் பிற்பகல், அங்கிருந்த விலங்கியல் ஆய்வுக்கூடத்தின் அருகே நடந்து சென்ற முப்பது வயது ஆய்வாளர் ஒருவர், புதர் ஒன்றில் தேனீத் திரள் ஒன்று கொத்தாகத் தொங்குவதைக் கண்டு நின்றார்.

நகரத் தெருவில் இத்தகைய திரளைக் காண்போர் பெரும்பாலும் விலகி ஓடுவர். அல்லது அதைப் பிடித்துப் பெட்டியில் அடைக்க முனைவர். அவர் இரண்டையும் செய்யவில்லை. குனிந்து உற்று நோக்கினார். தேனீக்களின் நடன மொழியை அவர் அறிந்தவர். உணவு கண்டு கூடு திரும்பும் தேனீ, அடையின் மீது ஒருவகை நடனம் ஆடித் தன் உடன்பிறப்புகளுக்கு வழி சொல்கிறது என்பதை அவருடைய ஆசிரியர் சில ஆண்டுகளுக்கு முன்புதான் தெளிவுபடுத்தியிருந்தார். இந்தத் திரளின் மேற்பரப்பிலும் சில தேனீக்கள் அதே நடனத்தை ஆடிக்கொண்டிருந்தன. ஆனால் அவற்றின் கால்களில் மகரந்தம் இல்லை. மாறாக, அவற்றின் உடலெல்லாம் அழுக்குப் படிந்திருந்தது. சில தேனீக்கள் புகைக்கரியால் கறுத்திருந்தன. சில செங்கல் தூளால் சிவந்திருந்தன. இன்னும் சில மாவு படிந்து வெளுத்திருந்தன.

பூவைத் தேடிப் போன தேனீயின்மேல் புகைக்கரி படிவது எங்ஙனம்? அந்த இளைஞரின் உள்ளத்தில் விடை மின்னலென எழுந்தது. இவை உணவு தேடிச் சென்றவை அல்ல. வீடு தேடிச் சென்றவை. புகைபோக்கிக்குள்ளும், இடிந்த சுவரின் பொந்துக்குள்ளும், மாவு கிடந்த ஏதோ ஒரு மூலைக்குள்ளும் நுழைந்து பார்த்துவிட்டு, தாம் கண்டதைத் தம் கூட்டத்தாருக்கு எடுத்துரைக்கத் திரும்பியிருக்கின்றன. அவற்றின் சொல்லுக்கு அவற்றின் உடலில் படிந்த புழுதியே சான்று.

அந்த இளைஞரின் பெயர் மார்ட்டின் லிண்டாவர். அன்று அவர் கண்ட புழுதியிலிருந்து ஓர் அறிவியல் துறையே பிறந்தது. மன்னர்களும் சட்ட அறிஞர்களும் அறநூலாரும் நூற்றாண்டுக் கணக்கில் தேனீக் கூட்டத்தை உற்றுப் பார்த்தும் காணத் தவறிய ஒன்று, வீடிழந்த ஒரு நகரத்தின் நடுவே வெளிப்பட்டது. அதன் வரலாற்றை எண்ணிப் பார்ப்பது நமக்கும் பயன் தரும்.

கூட்டம் பிரியும் காலம்

தேனீத் திரள் என்பது தேன்கூடு அன்று. இவ்வேறுபாட்டை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பியத் தேனீக்களிடையே, வசந்தத்தில் பூக்கள் மலிந்து கூட்டில் இடநெருக்கடி ஏற்படும்போது, பணித் தேனீக்கள் புதிய இராணிகளை வளர்க்கத் தொடங்குகின்றன. புதிய இராணி வெளிவருமுன் பழைய இராணி, கூட்டத்தில் பாதிக்கும் மேற்பட்ட தேனீக்களுடன் புறப்பட்டுவிடுகிறது. கட்டிய வீட்டையும் சேர்த்த தேனையும் மகளுக்கு விட்டுவிட்டுத் தாய் வெளியேறுகிறாள்.

இவ்வாறு வெளியேறும் திரளில் ஏறத்தாழ 10,000 தேனீக்கள் இருக்கும். புறப்படுமுன் ஒவ்வொன்றும் வயிறு நிறையத் தேனை உண்டுகொள்ளும். அதுவே வழிக்கட்டுச் சோறு. பிறகு அருகிலுள்ள ஒரு கிளையிலோ புதரிலோ ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கொத்தாகத் தொங்கும். காத்து நிற்க அவற்றிற்கு அடையும் இல்லை, தேனும் இல்லை, குஞ்சுகளும் இல்லை. ஆதலால் சீண்டாதவரை அவை பெரும்பாலும் எவரையும் கொட்ட முனைவதில்லை.

ஆனால் அவற்றிற்கு நேரம் குறைவு. மழை வரலாம், குளிர் தாக்கலாம், வயிற்றிலுள்ள தேன் தீர்ந்துபோகலாம். ஆகவே கூட்டத்தில் அனுபவம் முதிர்ந்த சில நூறு தேனீக்கள் மட்டும் நாற்புறமும் பறந்து வேவு பார்க்கின்றன. அவை தேடுவது ஏதோ ஒரு பொந்தை அன்று. ஏறத்தாழ 40 லிட்டர் கொள்ளளவுள்ள இருண்ட உட்குழிவு வேண்டும். வாயில் சிறியதாயிருக்க வேண்டும். தரையிலிருந்து உயரத்தில் இருக்க வேண்டும். இடம் சிறிதானால் குளிர்காலத்திற்குப் போதிய தேனைச் சேமிக்க இயலாது. வாயில் பெரிதானால் குளிரும் பகையும் உள்ளே நுழையும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலக் காடுகளில் நடந்த ஓர் ஆய்வில், புதிதாகக் குடியேறிய கூட்டங்களில் நான்கில் மூன்று பங்கு முதல் குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை என்று தெரியவந்தது. எனவே வீட்டைத் தெரிந்துகொள்வது அக்கூட்டத்திற்கு வாழ்வா சாவா என்னும் வினா. அந்த முடிவை எடுப்பது யார்?

அரசனைத் தேடிய கண்கள்

இவ்வினாவுக்கு மனித குலம் நெடுங்காலம் ஒரே விடையைத்தான் வைத்திருந்தது: அரசன். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தேனீக்களைக் கூர்ந்து ஆராய்ந்தார். எனினும் கூட்டின் பெரிய தேனீயை அரசன் என்றும் தலைவன் என்றுமே குறித்தார். உரோமைக் கவிஞர் வெர்ஜில் தம் வேளாண் காவியத்தின் நான்காம் பகுதி முழுவதையும் தேனீக்களுக்கே ஒதுக்கினார். அங்கும் அரசன்மீது குடிகள் கொண்ட பற்றே பேசப்படுகிறது. அகஸ்துஸ் பேரரசராய் எழுந்த காலத்தில் எழுதிய ஒருவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை.

சட்டமும் திரளைப் பற்றிக் கவலைகொண்டது. 533-ஆம் ஆண்டில் பேரரசர் ஜஸ்டீனியன் வெளியிட்ட சட்டத் தொகுப்பு, ஒருவனுடைய கூட்டிலிருந்து பிரிந்து போன திரள், அவன் கண்பார்வையில் இருக்கும்வரை, அதைப் பின்தொடர்வது கடினமாகாதவரை, அவனுக்கே உரியது என்று வரையறுத்தது. திரளை உடைமையாக நோக்கிய கண்கள் அவை.

திருச்சபையின் வரலாற்றிலும் தேனீக்கு இடமுண்டு. பாஸ்கா இரவில் பாடப்படும் புகழுரையின் இலத்தீன் மூலம், மெழுகுதிரியைக் காணிக்கையாக்கும்போது தேனீக்களின் உழைப்பை நினைவுகூர்கிறது. 1623 முதல் 1644 வரை ஆட்சி செய்த திருத்தந்தை எட்டாம் உர்பானின் குடும்பச் சின்னம் மூன்று தேனீக்கள். உரோமையில் புனித பேதுரு பேராலயத்தின் தலைமைப் பீடத்தின்மேல் எழுந்துள்ள வெண்கல விதானத்தில் இன்றும் அவற்றைக் காணலாம். உலகியல் அரசர்களும் பின்தங்கவில்லை. நெப்போலியன் பேரரசனாக முடிசூடியபோது தேனீயைத் தன் சின்னமாகக் கொண்டான். தேன்கூடு என்றாலே ஒருவன் ஆணையிடப் பலர் கீழ்ப்படியும் ஒழுங்கு என்பதே அக்காலத்தாரின் எண்ணம்.

உண்மை மெல்ல மெல்லத்தான் தலைகாட்டியது. 1609-இல் இங்கிலாந்தில் சார்லஸ் பட்லர் என்னும் ஆங்கிலிக்கன் குரு, கூட்டின் தலைமைத் தேனீ ஆண் அல்ல, பெண் என்று தம் நூலில் எடுத்துரைத்தார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலந்து நாட்டு யான் சுவாமர்டாம் அதை அறுத்து ஆராய்ந்து முட்டைப்பையைக் காட்டினார். 1792-இல் ஜெனீவா நகரின் பிரான்சுவா யூபேர் தம் ஆய்வுகளை வெளியிட்டார். அவர் கண்பார்வையற்றவர், பிரான்சுவா பர்னென் என்ற தம் பணியாளரின் கண்களைக் கொண்டு கூட்டின் உள்வாழ்வை ஆராய்ந்தவர்.

இவ்வாறு அரசன் அரசியானான். ஆனால் ஆட்சி என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை. திரளை இராணியே நடத்திச் செல்கிறாள் என்று மக்கள் தொடர்ந்து நம்பினர். உண்மையில் இராணித் தேனீ வீடு தேடப் போவதில்லை, நடனம் ஆடுவதில்லை, எந்த இடம் நல்லதென்று கூறுவதுமில்லை. திரள் பறக்கும்போது அதுவும் நடுவே பறக்கிறது, அவ்வளவே. அது வழியில் தவறிவிட்டால் திரள் பயணத்தைத் தொடராமல் திரும்பி வந்து அதைத் தேடும். எல்லாரும் பேணிக் காக்கும் தாய் அது. ஆனால் எவருக்கும் ஆணையிடும் அரசி அன்று.

ஆசிரியரும் மாணவரும்

இதைக் கண்டறிந்த இருவரும் தலைவன் ஒருவனின் சொல்லே சட்டம் என்ற ஆட்சியில் வாழ்ந்து அல்லலுற்றவர்கள் என்பது கருதத்தக்கது.

ஆசிரியர் கார்ல் வான் பிரிஷ் 1886-இல் வியன்னாவில் பிறந்தவர். மியூனிக் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியர். அவருடைய தாய்வழிப் பாட்டியார் யூத குலத்தவர் என்று கண்டறிந்த நாத்சி அதிகாரிகள், 1941-இல் அவரைக் கலப்பினத்தவர் எனப் பட்டியலிட்டுப் பதவியிலிருந்து நீக்க முனைந்தனர். அந்நாள்களில் நோசிமா என்னும் குடல்நோய் ஜெர்மனியின் தேன்கூடுகளைப் பெருவாரியாக அழித்துக்கொண்டிருந்தது. தேனீக்கள் அழிந்தால் மகரந்தச் சேர்க்கை குன்றும், விளைச்சல் குறையும், போர்க்கால உணவு வழங்கலே ஆட்டம் காணும். ஆகவே அந்நோயை ஆராய அவர் தேவைப்பட்டார். பதவிநீக்கம் போர் முடியும்வரை ஒத்திவைக்கப்பட்டது. மனிதர் கைவிட்ட பேராசிரியரைத் தேனீக்கள் காப்பாற்றின என்று சொன்னால் அது மிகையாகாது.

1944-இல் அவருடைய ஆய்வுக்கூடமும் குண்டுவீச்சில் சேதமுற்றது. ஆஸ்திரிய நாட்டின் ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் இருந்த தம் குடும்ப வீட்டிற்குச் சென்று ஆய்வைத் தொடர்ந்தார். அங்கேதான் நடனத்தின் முழுப் பொருளும் அவருக்கு விளங்கியது. 1920-களில் அவர் வேறொரு விளக்கத்தை வெளியிட்டிருந்தார்: வட்ட நடனம் தேனையும், வாலசைக்கும் நடனம் மகரந்தத்தையும் குறிக்கும் என்று. அது பிழையென்று இருபது ஆண்டுகள் கழித்துத் தாமே கண்டார். தாமே திருத்தி உலகுக்கு அறிவித்தார். நடனம் குறிப்பது உணவின் வகையை அல்ல. அது இருக்கும் திசையையும் தொலைவையும். இக்கண்டுபிடிப்புகளுக்காக 1973-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மாணவர் லிண்டாவர் 1918-இல் பவேரிய மலையடிவாரத்தில், பிள்ளைகள் நிறைந்த ஏழை உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். படைக்கு அழைக்கப்பட்டு உருசியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். 1942-இல் எறிகுண்டு பட்டுக் கடுமையாகக் காயமுற்றார். மியூனிக்கில் அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர், பேராசிரியர் வான் பிரிஷின் விரிவுரையைப் போய்க் கேட்கும்படி அறிவுறுத்தினார். போர்முனையின் அழிவையே பார்த்துவிட்டு வந்த இளைஞருக்கு, மனிதர் ஆக்கப்பணி செய்யும் வேறோர் உலகம் அந்த வகுப்பறையில் தெரிந்தது. அன்றே தம் வாழ்வின் வழியைத் தெரிந்துகொண்டார்.

தெருக்களில் ஓடிய ஆய்வாளர்

1949-இல் பிறந்த ஐயத்தை லிண்டாவரால் உடனே தொடர்ந்து ஆராய முடியவில்லை. போருக்குப் பிந்திய வறுமையில் ஒவ்வொரு திரளும் விலைமதிப்புள்ள உடைமை. தொங்குவதைக் கண்டால் வளர்ப்போர் உடனே பிடித்துப் பெட்டிக்குள் அடைத்துவிடுவர். ஆசிரியரின் ஆதரவு கிடைத்தபின், 1951, 1952 ஆண்டுகளில்தான் திரள்களை அவற்றின் போக்கிலேயே விட்டு நோக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது.

அவருடைய கருவிகள் மிக எளியவை: வண்ணக் குழம்பு, கடிகாரம், குறிப்பேடு. திரளின் அருகே காலை முதல் மாலை வரை அமர்ந்து, நடனமாடும் ஒவ்வொரு தேனீயின் முதுகிலும் வண்ணப் புள்ளி இட்டு, அது சுட்டும் இடத்தைக் கணக்கிட்டு எழுதினார். அக்கணக்கின் அடிப்படை இது: தேனீ வாலசைத்துக்கொண்டு செங்குத்தாக மேல்நோக்கி ஓடினால், இடம் சூரியன் இருக்கும் திசையில் உள்ளது, செங்குத்திலிருந்து எத்தனை பாகை விலகி ஓடுகிறதோ, சூரியனிலிருந்து அத்தனை பாகை விலகி இடம் உள்ளது. வாலசைப்பு ஒரு நொடி நீடித்தால் தொலைவு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்.

பக்கங்கள் நிரம்ப நிரம்ப ஓர் ஒழுங்கு தெளிந்தது. தொடக்கத்தில் வேவுத் தேனீக்கள் பத்து, இருபது என வெவ்வேறு இடங்களைச் சுட்டி ஆடின. மணிக்கணக்கிலும், சிலபோது நாள்கணக்கிலும் அந்த விவாதம் நீடித்தது. ஓர் இடத்திற்கு ஆதரவு பெருகியது. மற்றவற்றிற்கு மெல்ல மெல்லக் குறைந்தது. இறுதியில் ஆடுவோர் யாவரும் ஒரே இடத்தையே சுட்டினர். அதற்குப் பிறகே திரள் கிளையை விட்டு எழுந்தது. எழுந்த திரளைத் தொடர்ந்து லிண்டாவர் மியூனிக்கின் தெருக்களில் தலையை உயர்த்தியபடி ஓடினார். தேனீக்கள் நுழைந்த வீடு, அவர் குறிப்பேட்டில் முன்னரே கணித்து எழுதியிருந்த வீடாயிருந்தது. நகரவாசிகள் அவரை விந்தையாகப் பார்த்திருக்கக்கூடும்; ஆனால் அந்நாட்டுச் சட்டத்திற்கு அது புதுமையன்று. 1900-இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் குடிமைச் சட்டம், தன் திரளைப் பின்தொடர்பவர் அடுத்தவர் நிலத்திற்குள் நுழையலாம் என்று இன்றளவும் இடமளிக்கிறது.

அவர் தோல்விகளையும் மறைக்காமல் எழுதினார். ஆராய்ந்த 19 திரள்களில் இரண்டு உடன்பாட்டுக்கு வரவில்லை. ஒன்றில் இரு அணிகள் சமவலிமையுடன் நின்றன. திரள் எழுந்து பறந்தது. ஓரணி ஒரு திசைக்கும் மற்றோரணி மறுதிசைக்கும் இழுத்தது. முடிவில் களைத்துப் பழைய இடத்திற்கே திரும்பிற்று. மற்றொன்று எவ்விடத்தையும் தெரிந்துகொள்ளாமல், தொங்கிய புதரிலேயே திறந்தவெளியில் அடை கட்டத் தொடங்கியது. ஐரோப்பியக் குளிரில் அதன் முடிவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உடன்பாடு தானாக வாய்ப்பதன்று. அது தவறவும் கூடும் என்பதற்கு இவ்விரு திரள்களும் சான்று.

ஒருமனப்படும் வழி

முரண்பட்ட பல சொற்களிலிருந்து ஒரு முடிவு எவ்வாறு பிறக்கிறது? இவ்வினாவை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் சீலி கையேற்றார். மேய்ன் மாநிலக் கரைக்கு அப்பால் ஆப்பிள்டோர் என்னும் சிறு தீவு உள்ளது. தேனீக்கள் குடியேறத்தக்க பெரிய மரங்கள் அங்கு இல்லை. திரள்களை அத்தீவிற்குக் கொண்டு சென்று, ஐந்து பெட்டிகளை வைத்தார். நான்கு சிறியவை, ஒன்று மட்டும் தகுந்த கொள்ளளவுடையது. ஐந்து சோதனைகளில் நான்கில் திரள் அந்த ஒரே நல்ல பெட்டியையே தெரிந்துகொண்டது. எந்த ஒரு தேனீயும் எல்லாப் பெட்டிகளையும் பார்த்து ஒப்பிட்டு இம்முடிவைச் சொல்லவில்லை.

அதன் வழிமுறை வருமாறு. நல்ல இடத்தைக் கண்ட தேனீ நீண்ட நேரம் ஆடுகிறது. சுமாரான இடத்தைக் கண்டது சிறிது நேரமே ஆடுகிறது. நடனத்தைப் பார்க்கும் மற்றொரு வேவுத் தேனீ அதை அப்படியே நம்பி ஆடத் தொடங்குவதில்லை. தானே பறந்து சென்று, உள்ளே நுழைந்து, சுவரெங்கும் நடந்து பார்த்துவிட்டு வந்த பிறகே ஆடுகிறது. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அதன் ஆட்டத்தின் அளவு சிறிது குறைகிறது. எவ்வளவு சிறந்த இடமாயினும், அதைக் கண்டுவந்த தேனீ இறுதியில் ஆடுவதை நிறுத்திவிடுகிறது. ஆதரவற்ற சொல் இவ்வாறு தானாகவே ஓய்கிறது. தகுதியுள்ள சொல் புதிய சாட்சிகளால் வளர்கிறது. ஒருபுறத்துத் தேனீ, மறுபுறத்துக்காக ஆடுவதைத் தலையால் முட்டிச் சிற்றொலி எழுப்பி நிறுத்தத் தூண்டுவதும் உண்டு என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஓரிடத்தில் ஒரே வேளையில் இருபது முப்பது வேவுத் தேனீக்கள் கூடிவிட்டால், முடிவு எட்டப்பட்டது என்று பொருள். அவை திரளுக்குத் திரும்பிக் கூரிய ஒலி எழுப்புகின்றன. அதைக் கேட்டு, அதுவரை அசையாதிருந்த ஆயிரக்கணக்கான தேனீக்கள் தம் பறக்கும் தசைகளை 35 பாகை வெப்பத்திற்குச் சூடேற்றிக்கொள்கின்றன. பிறகு திரள் முழுவதும் ஓரிரு நிமிடத்தில் எழுகிறது. வழி அறிந்தவை நூற்றில் ஐந்துக்கும் குறைவு. அவை திரளின் மேற்பகுதியில் விரைந்து பறந்து திசை காட்ட, மற்றவை பின்தொடர்கின்றன.

போட்டியிடத்தைப் போய்ப் பார்த்து மனம் மாறுவதாலேயே வேவுத் தேனீக்கள் தம் பழைய ஆதரவைக் கைவிடுகின்றன என்று லிண்டாவர் கருதியிருந்தார். அவற்றுள் பெரும்பாலானவை வேறெதையும் பார்க்காமலே ஓய்ந்துவிடுகின்றன என்று சீலி திருத்தினார். அத்திருத்தத்தால் மதிப்பு குன்றியவர் எவருமில்லை. 2010-இல் வெளியான தம் நூலை, இரண்டு ஆண்டுகளுக்கு முன் மறைந்திருந்த லிண்டாவருக்கே சீலி காணிக்கையாக்கினார்.

நம் தெருவில்

இவ்வரலாறு ஐரோப்பாவோடு முடிந்துவிடவில்லை. 1950-களின் நடுவில் லிண்டாவர் இலங்கைக்கு வந்தார். நம் பகுதித் தேனீக்கள் என்ன மொழி பேசுகின்றன என்று அறிவதே அவர் நோக்கம். கொம்புத் தேனீ தன் சிறு அடையின் மேல்தளத்தில், திறந்த வானத்தின்கீழ், செல்ல வேண்டிய திசையை நேராக நோக்கி ஆடுவதைக் கண்டார். மலைத்தேனீ, உயரத்தில் தொங்கும் தன் பெரிய அடையின் செங்குத்தான பரப்பில் ஆடுகிறது. பொந்தில் வாழும் இந்தியத் தேனீ இருளிலும் ஆடவல்லது. நம் மண்ணின் இந்தியத் தேனீயைப் பெட்டியில் வளர்க்கத் தகுந்த அளவில் கூடு ஒன்றை அருட்தந்தை நியூட்டன் 1910-களில் தென்னிந்தியாவில் வடிவமைத்துப் பலரைப் பயிற்றுவித்தார். ‘நியூட்டன் பெட்டி’ என்ற பெயர் இன்றும் வழக்கில் உள்ளது.

ஆனால் இன்று நம் நகரங்களில் ஒரு திரள் வந்திறங்கினால் நிகழ்வது என்ன? வேப்பங்கிளையிலோ மின்கம்பத்திலோ மாடிக் கைப்பிடிச் சுவரிலோ ஒரு பழுப்புக் கொத்து தொங்கக் கண்டதும் தெருவே கலங்குகிறது. பிள்ளைகள் கல்லெறிகின்றனர், பெரியவர்கள் மண்ணெண்ணெய்ப் பந்தத்தையோ பூச்சிமருந்தையோ நாடுகின்றனர். சற்று நேரத்தில் தரையெங்கும் தேனீக்கள் கருகிக் கிடக்கின்றன. அவற்றுள் சிலவற்றின் முதுகில் நம் தெருவின் சுண்ணாம்பும் சிமெண்ட் தூளும் படிந்திருக்கக்கூடும். அவை நம் வீட்டுச் சுவர்களை ஆராய்ந்துவிட்டுத் திரும்பிய தூதுவர்கள் என்பதை அறிந்தவர் அங்கு இலர்.

அச்சத்திற்கு நியாயமே இல்லை என்று கூறவில்லை. உயர்ந்த கட்டடங்களிலும் தண்ணீர்த் தொட்டிகளின் அடியிலும் அரைவட்டமாய்ப் பெரிய அடை கட்டி வாழும் மலைத்தேனீ, தன் கூட்டைக் காக்கக் கூட்டமாகப் பாய்ந்து கொட்டும். அது உயிருக்கே கேடாகலாம். அத்தகைய அடையை அகற்றியே தீரவேண்டுமாயின், அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. தேனீக் கடியால் முன்பே ஒவ்வாமை கண்டவர்கள் எந்தத் தேனீயையும் நெருங்கலாகாது. ஆனால் அடையின்றி, தேனின்றி, வெறும் கொத்தாகத் தொங்கும் திரள் வழிப்போக்கன் போன்றது. விலகி நின்று, கல்லும் புகையும் இன்றி விட்டுவிட்டால், சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ அது தன் வழியே போய்விடும். போகாவிடில், தேனீ வளர்ப்போர் ஒருவரை அழைத்தால் அவர் மகிழ்ந்து எடுத்துச் செல்வார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. முன்னோர் தேன்கூட்டில் தம் அரசனைக் கண்டதுபோல, நாமும் அதில் நம் மக்களாட்சியைக் கண்டு மகிழ்ந்துவிடலாகாது. ஒரு திரளின் தேனீக்கள் யாவும் ஒரே தாயின் வழி வந்தவை. அவற்றின் நன்மையும் ஒன்று, தீமையும் ஒன்று. மனிதர் கூடும் இடத்தில் நலன்கள் மோதுகின்றன. மெலிந்தவரின் குரல் அமுங்கிப் போகிறது. அக்குரலுக்குச் செவிகொடுக்கும் நீதியை நாம் தேனீயிடமிருந்து பெற இயலாது. அது மனச்சான்றின் பணி.

ஆயினும் பங்குப் பேரவையானாலும் ஊர்க்கூட்டமானாலும் குடும்பத்தார் கூடிப் பேசும் திண்ணையானாலும், நாம் அடிக்கடி தடுமாறுவது எங்கே? காணாததைக் கண்டதுபோல் சொல்கிறோம். பிறர் சொன்னதைச் சரிபாராமல் பரப்புகிறோம். நம் கருத்துக்கு ஆதரவு ஓய்ந்தபின்னும் அதையே ஆடிக்கொண்டிருக்கிறோம். வேவுத் தேனீ இம்மூன்றையும் செய்வதில்லை. அது தானே போய்ப் பார்த்ததை, பார்த்த அளவுக்கு எடுத்துரைக்கிறது. உரைத்தபின் அடுத்தவர் போய்ப் பார்த்துவர இடம்விட்டு ஓய்கிறது. அதன் கூட்டம் பிழைப்பது இதனால்தான்.

இருபது வழிகளைப் பற்றிப் பேசி ஒரு வழியைத் தெரிந்துகொள்ள அக்கூட்டத்திற்குத் தேவைப்படுவது சிறிது கால அவகாசம் மட்டுமே. அடுத்த முறை நம் தெருமுனையில் அப்படியொரு கொத்து தொங்கினால், அந்த அவகாசத்தை அதற்கு அளிப்போம். பிள்ளைகளைத் தொலைவில் நிறுத்தி, அங்கே நடப்பது என்னவென்று சொல்லிக் கொடுப்போம்.